தினமும் காலையில் பாவ்ஸி: சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர் என்ன செய்யலாம்?

சீனாவின் சூச்சோ நகரில் ஐந்து ஆண்டுகளாக மனைவி, மகளுடன் வசித்துவரும் 41 வயதுப் பொறியாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன். காலை ஏழு மணிக்கு நிறுவனப் பேருந்தைப் பிடிக்க ஓடும் இவர், நிறுத்தத்துக்கு அருகே மூங்கில் அடுக்குகளில் ஆவி பறக்க விற்கும் கடையொன்றில் பாவ்ஸி என்ற, பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கோதுமை மாவுப் பண்டத்தில் பன்றி இறைச்சி வைத்தது இரண்டு, கீரை வைத்தது ஒன்று, சர்க்கரை கலந்த சோயாப் பால் ஒரு கோப்பை ஆகியவற்றை வாங்கிப் பேருந்திலேயே சாப்பிட்டுவிடுகிறார். அண்மையில் நிறுவனத்தில் நடந்த ஆண்டுப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.2 மில்லிமோல், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 சதவீதம், இரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 2.4 மில்லிமோல், இரத்த அழுத்தம் 136/86 என்று வந்திருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 77 கிலோ, இடுப்புச் சுற்றளவு 95 செ.மீ.

“எண்ணெயில் பொரித்ததை நான் காலையில் தொடுவதே இல்லை. இட்லியைப் போல ஆவியில் வெந்ததைத்தானே சாப்பிடுகிறேன், பிறகு எப்படி இது வந்தது?” என்பது அவருடைய முதல் கேள்வி. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், இறைச்சிதான் காரணம், உள்ளே எதுவும் வைக்காத வெறும் மாந்தோவுக்கு மாறிவிடு என்று சொல்லியிருக்கிறார். மனைவி முட்டையும் உண்ணாத சைவர். அவர் நம்பி வாங்கும் கீரைப் பாவ்ஸி உண்மையில் சைவம்தானா என்ற ஐயம் அண்மையில் எழுந்திருக்கிறது. ஆறு வயது மகள் முட்டை மஞ்சள் கரு உருகி வழியும் இனிப்புப் பாவ்ஸி இல்லாமல் பள்ளிக்குக் கிளம்புவதில்லை. ஊரில் இருக்கும் தாயாரோ, சீனாவில் அட்டைப் பெட்டியை அரைத்து உள்ளே வைக்கிறார்களாம், அஜினோமோட்டோவும் கொட்டுகிறார்களாம் என்று தொலைபேசியில் தினமும் கவலைப்படுகிறார். தந்தைக்கு ஐம்பது வயதில் சர்க்கரை நோய் வந்து பின்னர் இன்சுலின் வரை போனதால், தனக்கும் அதே கதிதானா, பாவ்ஸியை அடியோடு விட்டுவிட வேண்டுமா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் பரிசோதனை எண்களை நம் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்வோம். சர்க்கரையை 18 ஆல் பெருக்கினால் 112 மில்லிகிராம், டிரைகிளிசரைடை 88.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 212. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 ஐயோ எச்பிஏ1சி 6.5 ஐயோ எட்டினால்தான் சர்க்கரை நோய் என்கிறோம். ஆகவே உங்களுக்கு வந்திருப்பது அதற்கு முந்தைய நிலை. உங்கள் அறிக்கையில் ‘எடை சற்று அதிகம்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் நிம்மதி கொள்ள வேண்டாம். உங்கள் உடல் நிறை எண் 27.3, சீன அளவுகோலில் 24 முதல் கூடுதல் எடை, 28 முதல் உடல் பருமன். இந்தியர்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலிலோ 23 லேயே கூடுதல் எடை தொடங்கி, 25 லேயே உடல் பருமன் ஆகிவிடுகிறது. நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு அதிகம் என்பதால்தான் இந்த வேறுபாடு. ஆண்களுக்கு 90 செ.மீ. என்ற இடுப்பளவு எல்லையையும் நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். சீன மருத்துவமனை தவறாக எழுதவில்லை. அது தன் மக்களுக்கான அளவுகோலால் உங்களை அளந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆவியில் வெந்தது என்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஆவியில் வேக வைத்தது என்ற சொல் நமக்குள் உடனே இட்லியின் நற்பெயரைக் கொண்டுவந்துவிடுகிறது. சமைக்கும்போது வெளியிலிருந்து எண்ணெய் சேரவில்லை என்பதை மட்டுமே ஆவி உறுதி செய்யும். மாவுக்குள்ளும் பூரணத்துக்குள்ளும் ஏற்கெனவே என்ன சேர்ந்திருக்கிறது என்பதில் அதற்குப் பங்கில்லை. உங்கள் கடையின் பாவ்ஸி ஒன்று சுமார் 100 கிராம் எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் 60 கிராம் மேல்மாவு, 40 கிராம் பூரணம். மேல்மாவில் தண்ணீரைக் கழித்தால் 38 கிராம் வெள்ளைக் கோதுமை மாவும், ஈஸ்ட்டுக்காகவும் மென்மைக்காகவும் சேர்த்த கொஞ்சம் சர்க்கரையும் இருக்கும். இதிலிருந்து மட்டும் 30 கிராம் மாவுச்சத்தும் 140 கலோரியும் வருகின்றன. பூரணத்துக்கான பன்றி இறைச்சியில் கொழுப்பு கணிசமாக இருந்தால்தான் வெந்தபின் சாறு ஊறி வரும் என்பது கடைக்காரர்களின் கணக்கு. எனவே அந்த 40 கிராமிலிருந்து ஏறத்தாழ 100 கலோரியும் 8 கிராம் கொழுப்பும் 6 கிராம் புரதமும் கிடைக்கும். மொத்தம் 240 கலோரி. சிறிய இட்லி ஒன்றில் 50 முதல் 60 கலோரி என்று கொண்டால், ஒரு பாவ்ஸி நான்கு இட்லிக்கு நிகர்.

அப்படியானால் உங்கள் காலை உணவின் கணக்கு என்ன? இறைச்சி வைத்தது இரண்டில் 480, கீரை வைத்ததில் 190, சர்க்கரை கலந்த 300 மில்லி சோயாப் பாலில் சுமார் 140. ஆக 800 கலோரிக்கு மேல். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 110 கிராமைத் தொடுகின்றன. அதைச் சாப்பிட்டு முடித்தவுடன் பேருந்தில் நாற்பது நிமிடம், பிறகு அலுவலகத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதே அளவு மாவை நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் ஒரு கட்டடத் தொழிலாளி சாப்பிட்டால் அவருடைய தசைகள் அதை எரித்துவிடும். உங்கள் உடலில் அது இரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்கி, மிச்சம் ஈரலில் டிரைகிளிசரைடாக மாறுகிறது. பரிசோதனை அறிக்கையில் இரண்டும் ஒன்றாக ஏறியிருப்பது தற்செயல் அன்று.

வட சீனத்தில் இத்தகைய உணவை எண்ணிக்கையில் அல்லாமல் எடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இன்றும் உண்டு. ஒரு லியாங் என்பது 50 கிராம்; அது பெரும்பாலும் உள்ளே போன மாவின் எடையைக் குறிக்கும், பூரணத்தின் எடையை அன்று. எங்கள் துறையினர் இன்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடும் ‘மாவை எண்ணிச் சாப்பிடுங்கள்’ என்ற பாடம் அந்தப் பழைய கடை வழக்கத்திலேயே இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 2013 டிசம்பர் இறுதியில் சீன அதிபர் ஷி ஜின்பிங் பெய்ஜிங்கில் ஒரு பாவ்ஸிக் கடைக்குள் திடீரென்று நுழைந்து வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டது பெரிய செய்தியாயிற்று. அன்று அவர் வாங்கிய 21 யுவான் சாப்பாட்டில் பன்றி இறைச்சியும் வெங்காயத்தாளும் வைத்த பாவ்ஸியோடு ஈரல் குழம்பும் ஒரு தட்டுக் கீரையும் இருந்தன. அந்தக் கீரைத் தட்டுதான் உங்கள் காலை உணவில் இல்லாதது.

இறைச்சியை விட்டு வெறும் மாந்தோவுக்கு மாறலாமா?

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தாலும், சர்க்கரையைப் பொறுத்தவரை இந்த அறிவுரை தலைகீழானது. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் குறிக்கும் கிளைசிமிக் குறியீட்டில் தூய குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். சீன உணவு அட்டவணைகளில் வெள்ளை மாவு மாந்தோவின் மதிப்பு 88 அளவில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே அட்டவணைகளில் பன்றி இறைச்சியும் செலரியும் வைத்த பாவ்ஸியின் மதிப்பு 39 தான். காரணம் எளியது: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் கீரையின் நாரும் இரைப்பையிலிருந்து மாவு வெளியேறும் வேகத்தைக் குறைக்கின்றன. நீங்கள் இறைச்சியை நீக்கிவிட்டு மூன்று மாந்தோ சாப்பிட்டால் கலோரி குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை முன்னைவிட உயரமாக ஏறி, பதினொரு மணிக்குள் மீண்டும் பசிக்கும். ஷாங்காய், சூச்சோ பக்கத்து மக்கள் பூரணம் வைத்ததையும் வைக்காததையும் மாந்தோ என்றே அழைப்பது வழக்கம் என்பதால், கடையில் கேட்டு வாங்கும்போதும் எது கைக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை இறைச்சிப் பாவ்ஸிக்கான அனுமதிச் சீட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறியீடு வேகத்தைச் சொல்கிறதே ஒழிய அளவைச் சொல்வதில்லை. குறைந்த குறியீடு உள்ள உணவையும் மூன்று மடங்கு சாப்பிட்டால் மூன்று மடங்கு மாவு உள்ளே போகத்தான் செய்யும். தவிர, இறைச்சி தரும் கொழுப்பில் கணிசமான பகுதி நிறைவுற்ற கொழுப்பு. உங்கள் பகுதிச் சமையல் இனிப்புக்குப் பெயர் போனது. சூச்சோ, வூஷி நகரங்களில் இறைச்சிப் பூரணத்திலேயே சர்க்கரை சேர்ப்பார்கள். சாறு நிறைந்த சிறிய ஷியாவ்லோங்பாவின் உள்ளே இருக்கும் சாறு, பன்றித் தோலைக் கொதிக்க வைத்து உறையச் செய்த கூழ் ஆவியில் உருகியது. அதில் இருக்கும் ஜெலட்டின் புரதம்தான் என்றாலும், டிரிப்டோபான் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லாத குறைப்புரதம். சுவைக்காகச் சாப்பிடுங்கள், சத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று உப்பு. இரத்த அழுத்தம் 136/86 இருக்கும் ஒருவருக்கு இது சர்க்கரைக்கு அடுத்த கவலை. பாவ்ஸி ஒன்றில் 300 முதல் 500 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கக்கூடும். மூன்றில் சராசரியாக 1200. உலக சுகாதார நிறுவனமும் 2022 ஆம் ஆண்டின் சீன உணவு வழிகாட்டியும் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம் என்று வரம்பு வைக்கின்றன. அலுவலகம் போய்ச் சேரும் முன்பே அதில் பாதிக்கு மேல் செலவழித்துவிடுகிறீர்கள். தொட்டுக்கொள்ளச் சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் இன்னும் 300 மில்லிகிராமுக்கு மேல் கூடும். அதற்குப் பதிலாக உங்கள் மாகாணத்திலேயே சென்ஜியாங் ஊரில் தயாராகும் கருப்பு வினிகரை இஞ்சித் துருவலோடு தொட்டுக்கொள்ளுங்கள். அதன் புளிப்பு, மாவின் செரிமான வேகத்தையும் ஓரளவு மட்டுப்படுத்தும். வாங்கும் வினிகர் புட்டியில் சோடியம் எவ்வளவு என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கீரைப் பாவ்ஸி சைவம்தானா?

உங்கள் மனைவியின் ஐயம் நியாயமானது. பச்சைக் கீரையும் ஷிடாக்கே காளானும் நறுக்கி வைத்த உங்கள் ஊர்க் கீரைப் பாவ்ஸியின் பூரணம் பளபளப்பாக இருப்பதற்குச் சில கடைகளில் நல்லெண்ணெய் காரணம், சில கடைகளில் பன்றிக் கொழுப்பு. உலர் இறால் தூள், சிப்பி சாஸ், கோழிச் சுவைத்தூள் ஆகியவையும் காய்கறிப் பூரணத்தில் கேட்காமலே சேரக்கூடியவை. பெயரில் ‘காய்கறி’ என்று இருப்பது போதாது. ‘சூ’ என்ற சைவக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் ‘ஜூயோவ்’ என்ற சொல்லைச் சொல்லி நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. சீனக் கடைக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பௌத்தக் கோயில்களைச் சார்ந்த சைவ உணவகங்கள் இன்னும் நம்பகமானவை. அங்கே பூண்டு, வெங்காயம்கூட விலக்கு என்பது நம்மில் பலருக்குப் பழகிய ஒழுங்கு. சிவப்புக் காராமணி போன்ற அசுக்கிப் பயறை அரைத்துச் செய்யும் இனிப்புப் பூரணத்திலும் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதை அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பயறு நாரும் புரதமும் நிறைந்த நல்ல உணவு. தோலை வடித்து நீக்கிச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கிளறிய பிறகு அது மிட்டாய்க்கு நெருக்கமாகிவிடுகிறது.

சைவர் என்ற முறையில் அவருடைய சிக்கல் வேறு. கீரைப் பாவ்ஸியில் புரதம் ஐந்து கிராம் அளவே, அதுவும் பெரும்பாலும் கோதுமையிலிருந்து. கண்ணாடிச் சேமியா வைத்தது என்றால் மாவுக்குள் மாவு. உலர்ந்த தோஃபுவைப் பொடியாக நறுக்கிக் கீரையோடு வைத்த வகை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால் சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் ஒரு பெரிய கோப்பை அந்தக் குறையை நிரப்பும்.

மகளின் பாவ்ஸி

ஆறு வயதுக் குழந்தை ஓடி விளையாடும். அவளுக்கு மாவு பகை அன்று. ஆனால் அந்த மஞ்சள் பூரணம், உப்பில் ஊறிய வாத்து முட்டைக் கரு, வெண்ணெய், சர்க்கரை, பால்பொடி ஆகியவற்றின் கலவை. காலையில் அதை மட்டுமே சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும் குழந்தைக்குப் பத்து மணிக்குமேல் கவனம் சோர்ந்தால் ஆசிரியரிடம் திட்டு வாங்குவதுதான் மிச்சம். தினசரி வழக்கத்திலிருந்து வாரம் ஒரு நாள் என்று கொண்டுவாருங்கள். மற்ற நாள்களில் முட்டையும் சீனப் பூண்டுத்தாளும் வைத்த பாவ்ஸி, ஒரு குவளைப் பால் என்று மாற்றலாம். உங்கள் மனைவி முட்டை சமைக்க விரும்பாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இது உங்கள் இருவருக்கும் இடையே பேசி முடிவெடுக்க வேண்டியது, நான் தலையிடும் இடமன்று. சத்தைவிட உடனடியான எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருந்தாலும் உள்ளே உருகிய பூரணம் கொதிநிலையை ஒட்டியே இருக்கும். குழந்தைகளின் உதடும் அண்ணமும் வெந்துபோவது இப்படித்தான். பிட்டு, ஆற வைத்து, பிறகு கொடுங்கள்.

அட்டைப் பெட்டியும் அஜினோமோட்டோவும்

தாயாருக்கு ஆறுதலாகச் சொல்லக்கூடிய உண்மை இது: 2007 ஜூலையில் பெய்ஜிங் தொலைக்காட்சி ஒன்றில் அட்டைப் பெட்டியை ஊறவைத்து பாவ்ஸிக்குள் வைக்கிறார்கள் என்று ஒரு காணொளி வெளியானது. அது செய்தியாளரே ஆள் வைத்து நடத்திய நாடகம் என்று விசாரணையில் தெரிந்து, அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுப்புச் செய்தி வதந்தியின் வேகத்தில் பயணம் செய்வதில்லை என்பதால் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் அது உங்கள் ஊரை எட்டவில்லை. அதற்காக எல்லாமே வெறும் வதந்தி என்றும் சொல்லிவிட முடியாது. 2011 இல் ஷாங்காயில் பழைய மாந்தோக்களைத் திரும்ப அரைத்து நிறமூட்டி விற்றது உண்மையான குற்றம். அதே ஆண்டு மே மாதம் மாவை வெளுக்கச் செய்யும் பென்சாயில் பெராக்சைடுக்குத் தடை வந்தது. 2014 ஜூலை முதல் ஆவியில் வேகும் மாவுப் பண்டங்களில் அலுமினியம் கலந்த படிகாரம் சேர்ப்பதும் தடை செய்யப்பட்டது. ஆகவே மிதமிஞ்சி வெளுத்து, அழுத்தினால் பஞ்சுபோல் எழும்பும் பாவ்ஸியைவிடச் சற்று மங்கிய பழுப்பு வெள்ளையில், ஈஸ்ட் மணத்தோடு இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அஜினோமோட்டோ என்று நாம் அழைக்கும் மோனோசோடியம் குளூட்டமேட்டைப் பொறுத்தவரை, தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும் இயல்பாகவே உள்ள குளூட்டமிக் அமிலத்தின் உப்புதான் அது. உணவில் சேரும் அளவில் அது நஞ்சு என்பதற்குச் சான்று இல்லை. அதில் சோடியம் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம். நீங்கள் அஞ்ச வேண்டியது உப்பையும் சோயா சாஸையும். அந்த அச்சத்தைத் தவறான பொருளின் மீது செலவழிக்க வேண்டாம்.

இனி காலையில் என்ன செய்வது

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. அடியோடு விட்டுவிடுவது முதல் வழி. விட்டுவிட்டு அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று யோசியுங்கள்: கடையில் அடுத்துக் கிடைப்பது எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும் வெள்ளரிசிக் கஞ்சியும்; இவை இரண்டும் பாவ்ஸியைவிட மோசமான தேர்வு. காலை உணவையே தவிர்ப்பவர்கள் மதியம் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் அதை வட்டியோடு ஈடுகட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேல்மாவை உரித்தெறிந்து பூரணத்தை மட்டும் தின்பது இன்னொரு குறுக்குவழி. சர்க்கரை குறையும், கொழுப்பும் உப்பும் அப்படியே இருக்கும், பசியும் அடங்காது.

நான் பரிந்துரைக்கும் இரண்டாவது வழி, எண்ணிக்கையைக் குறைத்துத் துணையை மாற்றுவது. இறைச்சிப் பாவ்ஸி ஒன்று, அவித்த முட்டை ஒன்று, சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் 300 மில்லி, வீட்டிலிருந்து ஒரு வெள்ளரிக்காயோ இரண்டு தக்காளியோ. இதன் கணக்கு சுமார் 430 கலோரி, மாவுச்சத்து 40 கிராமுக்கு அருகில், புரதம் 24 கிராம். தேநீரில் ஊறிய முட்டை எங்கும் கிடைக்கும் என்றாலும் அதிலும் சோயா சாஸ் ஊறியிருப்பதால், வீட்டில் அவித்ததே மேல். காயையும் முட்டையையும் முதலில் தின்றுவிட்டுப் பாவ்ஸியைக் கடைசியாகச் சாப்பிடுங்கள். அதே உணவாக இருந்தும் வரிசை மாறும்போது சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. பேருந்திலிருந்து இறங்கியதும் இருக்கைக்குப் போகாமல் பதினைந்து நிமிடம் நடங்கள். இந்த நடையை என் பட்டியலில் மிக முக்கியமானதாக வைக்கிறேன், ஏனெனில் உணவில் நேர்வதுபோல் கணக்குத் தவறுவதற்கு இதில் இடமில்லை.

ஊதா அரிசி, பக்வீட், சோளம் என்று நிறம் நிறமாக விற்கும் பாவ்ஸிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறம் சான்று ஆகாது. பையில் அடைத்து விற்பதாக இருந்தால் சேர்பொருள் பட்டியலில் முதலில் எந்த மாவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைக் கோதுமை மாவுதான் முதலிடத்தில் இருக்கும். சீனச் சத்து அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் அச்சிடப்பட்டிருக்கும், அதை 4.2 ஆல் வகுத்தால் கலோரி. அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பாவ்ஸிக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி வீட்டில் செய்வது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இதற்கு இணையில்லை. மூன்றில் ஒரு பங்கு முழுக்கோதுமை மாவு, இரண்டு பங்கு வெள்ளை மாவு, ஈஸ்ட், இளஞ்சூடான தண்ணீர். சர்க்கரை அவசியம் இல்லை, பொங்கச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். முழுக்கோதுமையை இதற்கு மேல் கூட்டினால் மாவு கனத்துவிடும், மகள் தொடமாட்டாள். ஓரங்களை மெல்லியதாகவும் நடுவைத் தடித்ததாகவும் தேய்த்தால் குறைந்த மாவில் நிறையப் பூரணம் தாங்கும். கோழிக் கொத்துக்கறியோ, மனைவிக்குத் தோஃபுவோ, அதற்குச் சமமாக முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிப் பிழிந்து சேர்த்துப் பூரணமாக்குங்கள். மடித்த பிறகு இருபது நிமிடம் மீண்டும் பொங்கவிட்டு வேகவையுங்கள். அடுப்பை அணைத்த உடனே மூடியைத் திறந்தால் அமுங்கிவிடும், சில நிமிடம் பொறுக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன இட்லிக் கொப்பரை இருந்தால் மூங்கில் அடுக்கு வாங்க வேண்டியதில்லை. மிஞ்சியதை ஆறியவுடன் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்; இறைச்சி வைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது.

தந்தையின் கதிதானா உங்களுக்கும் என்று கேட்டீர்கள். அதற்கான விடையின் ஒரு பகுதி நீங்கள் இருக்கும் நாட்டிலேயே கிடைத்தது. வடகிழக்குச் சீனாவின் எண்ணெய் நகரமான தாச்சிங்கில் 1986 இல் உங்களைப் போன்ற சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 577 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஆறு ஆண்டுகள் உணவிலும் உடற்பயிற்சியிலும் மாற்றம் செய்தவர்களை முப்பது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்ததில், அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது; இதய நோய்களும் குறைந்திருந்தன. அவர்களிடம் மாவுணவை விட்டுவிடும்படி சொல்லவில்லை. காய்கறியைக் கூட்டவும் சர்க்கரையையும் மதுவையும் குறைக்கவும் உடலை அசைக்கவும்தான் சொன்னார்கள். நம் சென்னையில் நடந்து 2006 இல் வெளியான இந்திய ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்தது. எல்லோருக்கும் முற்றாகத் தடுக்கிறது என்று இவை சொல்லவில்லை. தந்தையிடமிருந்து வந்த மரபு உங்கள் உடலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஐந்து கிலோ எடை குறைந்தால்கூட அந்த மரபுக்குக் கிடைக்கும் வாய்ப்பு சுருங்கும்.

வார இறுதியில் அடியில் மொறுமொறுவென்று எண்ணெயில் வெந்த ஷெங்ஜியன் வகைப் பாவ்ஸி சாப்பிடும் குடும்ப வழக்கத்தை நிறுத்த வேண்டாம். ஷாங்காய்ப் பக்கத்தில் நான்கு துண்டு ஒரு லியாங் என்று விற்பார்கள். நீங்கள் அந்த நான்கோடு நிறுத்திக்கொண்டு, கூடவே ஒரு தட்டுக் கீரை கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியை மீண்டும் பாருங்கள். அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை. முடிந்தால் அப்போது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள், ஏனெனில் வெறும் வயிற்று அளவு மறைப்பதை அது காட்டிவிடும். இரத்த அழுத்தத்தை வீட்டில் காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்; மருந்து வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இதற்கிடையே அடங்காத தாகமோ, அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ, காரணமில்லாத எடைக் குறைவோ தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். புதிய அறிக்கை வந்ததும் அனுப்புங்கள். எண்கள் மில்லிமோலிலேயே இருக்கட்டும், 18 ஆல் நான் பெருக்கிக்கொள்கிறேன்.